வாசகர் கேள்வி பதில்: சிரிப்பில் பெண்ணுக்கு என்ன இடம்?

திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் நகைச்சுவை செய்யும் பெண்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றுள், ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்: சந்திரபாபு, நாகேஷ், கவுண்டமணி, வடிவேலு, விவேக் என்று ஆண் நகைச்சுவை நடிகர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. பெண்களில் மனோரமாவையும் கோவை சரளாவையும் விட்டால் சட்டென்று நினைவுக்கு வருபவர் இல்லை. பெண்களுக்கு நகைச்சுவை உணர்வு இயல்பிலேயே குறைவு என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா?

ஐயா, விடுபட்ட பெயர்களை முதலில் சேர்த்துக்கொள்வோம். டி.ஏ. மதுரம், சி.டி. ராஜகாந்தம், அங்கமுத்து, டி.பி. முத்துலட்சுமி, எம். சரோஜா, சச்சு, காந்திமதி, ஊர்வசி, கல்பனா, தேவதர்ஷினி ஆகியோரை விட்டுவிட்டுத் தமிழ்த் திரை நகைச்சுவையின் வரலாற்றை யாராலும் எழுத முடியாது. அவர்கள் நடித்த காட்சிகளை நாம் ஆண் நடிகரின் பெயரைச் சொல்லியே நினைவில் வைத்திருப்பதால்தான் அவர்களுடைய பெயர்கள் சட்டென்று நாவில் வருவதில்லை. 'அறிவாளி' (1963) படத்தில் வரும் பூரிக் காட்சியை இன்றும் தங்கவேலு காமெடி என்றுதான் சொல்கிறோம். பூரி செய்யும் முறையைக் கணவர் படிப்படியாகச் சொல்லச் சொல்ல, மனைவியாக வரும் முத்துலட்சுமி, அதுதான் தனக்குத் தெரியுமே என்று ஒவ்வொரு படிக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தனை முறையும் முகத்தில் ஐயத்தின் சாயல்கூட விழாமல் அந்த ஒரு வரியைச் சொல்வதில்தான் காட்சியின் உயிரே இருக்கிறது. எழுதியவர் மனைவியின் அறியாமையைச் சிரிப்புக்காக வைத்தார். நடித்தவர் அதற்குள், தெரியாது என்று கணவனிடம் ஒப்புக்கொள்ள மறுக்கும் ஒரு பெண்ணின் பிடிவாதத்தைக் கொண்டுவந்துவிட்டார். கற்றுக்கொடுக்க வந்தவர்தான் கடைசியில் பொறுமை இழக்கிறார்.

இயல்பு பற்றிய உங்கள் வாதத்துக்கு வருகிறேன். கல்யாண வீட்டில் நலங்கு வைக்கும்போது மாப்பிள்ளையையும் சம்பந்தி வீட்டாரையும் ஏசிப் பாடியவர்கள் பெண்கள். மாமியாரைப் போல நடந்து காட்டுவதும், ஊர்ப் பெரிய மனிதரின் பேச்சை அப்படியே பேசிக் காட்டுவதும் நடவு வயலிலும் கிணற்றடியிலும் காலங்காலமாக நடந்து வந்தவை. நகைச்சுவை பெண்களிடம் எப்போதும் இருந்தது. அதை ஊர் பார்க்கச் செய்வதற்கான மேடைதான் அவர்களுக்கு வாய்க்கவில்லை. தெருக்கூத்தில் சிரிக்க வைக்கும் உரிமை, கதையை அறிவித்துக் கேலியும் பேசும் கட்டியங்காரனுக்கு உரியது. அங்கே பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே பெண்ணாகவும் நடித்தார்கள். பெண்கள் மேடையேறிய ஸ்பெஷல் நாடகத்தில், பபூன் எனப்படும் கோமாளியும் நடனப் பெண்ணும் மாறி மாறிப் பேசும் காட்சிக்கு ஊரே சிரித்தது. விடிந்ததும் அதே ஊர் அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைக் குறைத்துப் பேசியது. பலர் முன்னிலையில் ஆணைக் கேலி செய்ததற்கு ஒரு பெண் தன் நற்பெயரையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்த சமூகத்தில், நகைச்சுவை நடிகைகள் குறைவாக இருப்பதற்கு இயல்பைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: எங்கள் ஊர்க்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். மதுரம் அம்மையாரைப் பற்றி எழுதுபவர்கள் அவரைக் கலைவாணரின் துணைவி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய பங்கு உண்மையில் என்ன?

திருவரங்கத்தைச் சேர்ந்த மதுரம், 'வசந்தசேனா' (1936) படப்பிடிப்புக்காகப் புனேக்குச் சென்றபோதுதான் என்.எஸ். கிருஷ்ணனைச் சந்தித்தார். அதன் பிறகு இருபது ஆண்டுகள் இருவரும் ஒரே மூச்சில் இயங்கியதாகவே திரையில் தெரிகிறது. அவர்களுடைய காட்சிகளில் கிருஷ்ணன் சீர்திருத்தக் கருத்தைச் சொல்பவராகவும் மதுரம் அதைக் கேட்டுக்கொள்பவராகவும் வருவது மிகுதி. பெண்ணுக்கு ஆண் புத்தி சொல்லும் அமைப்பு அது என்ற விமர்சனத்தை நான் ஏற்கிறேன். ஆனால் மதுரம் கேட்கும் விதம் வேறு. அவர் குறுக்கே பேசுகிறார், மறுக்கிறார், நீட்டி முழக்கி எதிர்க்கேள்வி போடுகிறார். அந்த எதிர்ப்பு இல்லாவிட்டால் கலைவாணரின் காட்சிகள் வெறும் பிரசங்கமாக நின்றிருக்கும்.

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நடிகர் தியாகராஜ பாகவதரோடு கிருஷ்ணனும் 1944 இறுதியில் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டுக்குப் பிறகு 1947இல்தான் விடுதலையானார். அந்த ஆண்டுகளில் வழக்கை நடத்தும் பொறுப்பையும், நாடகக் குழுவை நம்பியிருந்தவர்களைக் காக்கும் பொறுப்பையும் மதுரம் சுமந்தார். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு குழு தொடர்ந்து இயங்கியது. அவர்கள் நடத்திய 'பைத்தியக்காரன்' 1947இல் படமாகவும் வந்தது. கணவர் கொலைக் குற்றவாளியாகச் சிறையில் இருக்க, மனைவி மேடையேறி மக்களைச் சிரிக்க வைக்கிறார் என்றால் அதற்கு எத்தனை மனத்திண்மை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரில் அவரைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு செய்ய முடியுமானால் நீங்களே தொடங்கலாம். அப்படி ஒரு நூல் நமக்கு அவசியம் தேவை.

வாசகி, காரைக்குடி: எங்கள் பள்ளத்தூரில் வளர்ந்த ஆச்சி மனோரமா ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். இத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகும் பெண்ணியவாதிகள் குறை காண்பது ஏன்?

மனோரமாவிடம் நான் எந்தக் குறையும் காணவில்லை. அவருக்குக் கிடைத்த வேடங்களைப் பற்றியே என் கேள்விகள் எல்லாம்.

மன்னார்குடியில் கோபிசாந்தாவாகப் பிறந்து, தந்தை கைவிட்ட நிலையில் தாயோடு பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்து, நாடக மேடையேறி 'பள்ளத்தூர் பாப்பா' எனப் பெயர் பெற்றவர் அவர். 'மாலையிட்ட மங்கை' (1958) படத்தில் நகைச்சுவை வேடத்தை ஏற்கச் சொன்னவர் அதன் தயாரிப்பாளரான கண்ணதாசன். கதாநாயகியாக வந்தால் சில ஆண்டுகளில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவை நடிகையாக வந்தால் நெடுங்காலம் நிலைக்கலாம் என்று கவிஞர் எடுத்துச் சொன்னதை மனோரமாவே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அறிவுரை எவ்வளவு சரியாகப் பலித்தது என்பதைப் பார்க்கும்போதே, ஆண் கதாநாயகனுக்கு யாரும் இப்படி ஓர் ஆயுள் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியிருக்கவில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணி என் மதிப்பில் தமிழ் நகைச்சுவையின் உச்சங்களுள் ஒன்று. நாடகக்காரியான ரமாமணி தன் தொழிலை ஊர் என்ன கண்ணால் பார்க்கிறது என்பதை நன்றாக அறிந்தவள். அப்படியிருந்தும் பெரிய வித்வானான சிக்கல் சண்முகசுந்தரத்திடம் கூசிக் குறுகாமல் பேசுகிறாள். அவருடைய நாதஸ்வரத்தைக் கேட்கும்போது குழந்தையைப் போல வியக்கிறாள். அவளைப் பார்த்து நாம் சிரிக்கும்போது அவளுடைய தொழிலையோ உருவத்தையோ யாரும் இழிவு செய்வதில்லை. அவளுடைய மனம் திறந்து கிடப்பதுதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. சிவாஜி கணேசனும் பத்மினியும் நிறைந்த படத்தில் சில காட்சிகளே வரும் ஒருத்தி இன்றுவரை மறக்கப்படாமல் இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அதே ஆண்டில் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' பாடலைச் சென்னைத் தமிழில் அவரே பாடினார். உழைக்கும் வர்க்கத்துப் பெண்ணின் மொழியைக் கொச்சை என்று ஒதுக்கியவர்களின் வீட்டு வானொலியிலும் அது ஒலித்தது.

பிற்கால வேடங்களில்தான் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 'நடிகன்' (1990) படத்தில் மணமாகாமல் வயதேறிய பெண்ணாக வருகிறார். முதியவராக மாறுவேடம் பூண்ட சத்யராஜின் மீது அவருக்கு ஆசை பிறப்பதே அங்கு நகைச்சுவை. நரைத்த தலையோடு கதாநாயகன் இளம்பெண்ணைக் காதலிப்பதைக் கைதட்டி ஏற்கும் திரையரங்கம், ஐம்பதைத் தாண்டிய பெண்ணின் மனத்தில் காதல் எழுவதை வேடிக்கையாக மட்டுமே பார்த்தது. மனோரமா அந்தப் பாத்திரத்துக்குள்ளும் ஒரு நாணத்தையும் ஏக்கத்தையும் வைத்து நடித்ததால் இன்று அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது சிரிப்போடு துயரமும் வருகிறது. அவரைப் 'பொம்பளை சிவாஜி' என்று புகழ்ந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் புகழ்ந்தார்கள். ஆனாலும் மனோரமாவை மனோரமாவைக் கொண்டே அளந்திருக்கலாம்.

வாசகர், தஞ்சாவூர்: கதாநாயகியாக நடித்த சச்சு நகைச்சுவைக்கு வந்தது இறக்கம் அல்லவா?

'வீரத்திருமகன்' (1962) படத்தின் கதாநாயகி, ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷுக்கு ஜோடியானார். முன்னதில் அவர் என்ன பேசினார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? பின்னதில், படம் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரியும் செல்லப்பாவிடம் (நாகேஷ்) கதாநாயகியாகச் சிக்கிக்கொண்ட அந்தப் பெண்ணை அறுபது ஆண்டுகள் கடந்தும் நாம் மறக்கவில்லை. அதை ஏற்றம் என்றே சொல்வேன்.

வங்கி ஊழியர், கோயம்புத்தூர்: கோவை சரளா வடிவேலுவைப் புரட்டி எடுக்கும் காட்சிகளில் பெண்தானே வலியவள்? இவை பெண்ணுக்கு ஆதரவான காட்சிகள் என்று கொள்ளலாமா?

அந்தக் காட்சிகளில் கோவை சரளாவின் உடல்மொழி அபாரமானது. கண்ணை உருட்டுவதும், குரலைக் கீழிருந்து சட்டென்று உச்சத்துக்கு ஏற்றுவதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராவதும் நீண்ட பயிற்சியில் மட்டுமே வரக்கூடியவை. அடிப்பது போலவும் அடி வாங்குவது போலவும் நடிப்பதில் நேரக் கணக்கு ஒரு நொடி பிசகினால் சிரிப்பு போய்விடும். வடிவேலுவின் புகழில் பாதி, தனக்கு எதிரே நிற்பவர் சரியாக அடிப்பார் என்ற நம்பிக்கையில் எழுந்தது என்று நான் கருதுகிறேன்.

இருந்தாலும் உங்கள் கேள்விக்கு ஆம் என்று என்னால் சொல்ல இயலவில்லை. மனைவி கணவனை அடிப்பது ஏன் வேடிக்கையாக இருக்கிறது? கணவன் மனைவியை அடிப்பதே வழக்கம் என்று பார்ப்பவர் மனத்தில் ஊறியிருப்பதால்தான் அதன் தலைகீழ் வேடிக்கையாகிறது. காட்சி முடிந்ததும் பழைய ஒழுங்கு அப்படியே இருக்கும். வீரம் பேசும் கதாநாயகனுக்கு இப்படி ஒரு மனைவி வாய்ப்பதில்லை. கோழை என்று முதலிலேயே முத்திரை குத்தப்பட்டவனுக்குத்தான் வாய்க்கிறாள். அவள் அடிப்பது அவளுடைய வலிமையைக் காட்டிலும் அவனுடைய ஆண்மைக் குறைவுக்கே சான்றாக வைக்கப்படுகிறது.

இதற்குத் தொழில் சார்ந்த காரணம் ஒன்றும் இருக்கிறது. நம் படங்களில் நெடுங்காலம் காமெடி டிராக் என்பது கதையிலிருந்து விலகித் தனியாக எழுதப்பட்டது. கவுண்டமணி, செந்தில் ஜோடிக்கு ஏ. வீரப்பன் எழுதியதைப் போல, பெரிய நகைச்சுவை நடிகர்களுக்கென்று எழுதுபவர்கள் இருந்தார்கள். அந்த எழுத்தாளர்கள் ஆண்கள். அவர்கள் மனத்தில் முதலில் தோன்றுபவரும் ஆண் நடிகர். டிராக்குக்குள் பெண் வர வேண்டுமானால் அவருக்கு மனைவியாகவோ, அவர் வழிந்துகொண்டு பின்தொடரும் பெண்ணாகவோதான் வர முடியும். கதைக்குள்ளேயே இடம் கிடைத்தபோது கோவை சரளா என்ன செய்தார் என்று பாருங்கள். பாலு மகேந்திராவின் 'சதிலீலாவதி' (1995) படத்தில் கமல்ஹாசனின் மனைவி பழனியம்மாளாகக் கொங்குத் தமிழ் பேசி, கமலுக்குச் சமமாக நின்றார். ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) படத்தில் மாமியார் கோவை சரளாவும் மருமகள் தேவதர்ஷினியும் பேய்க்குப் பயந்து நடுங்கும் காட்சிகள்தான் படத்தின் முற்பகுதியைத் தாங்குகின்றன. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் வைத்தே சிரிப்பை உண்டாக்கும் அத்தகைய காட்சிகள் நம் படங்களில் மிகவும் குறைவு.

பொறியியல் மாணவர், சென்னை: சொப்பனசுந்தரி காமெடியையும் அங்கவை, சங்கவை காமெடியையும் சிறுவயதில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது என் தோழிகள் அவை பெண்களை இழிவுபடுத்துகின்றன என்கிறார்கள். நகைச்சுவையை நகைச்சுவையாகப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?

நகைச்சுவையை நகைச்சுவையாகவே பார்ப்போம். அதற்கு இலக்கணம் வகுத்தவரிடமிருந்தே தொடங்குவோம். தொல்காப்பியர், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பற்றிய மெய்ப்பாட்டியலில், 'எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப' என்கிறார். இந்த எள்ளலுக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்னும் பெயர் கொண்ட பழைய உரையாசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதும், பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவதும் என்று அதை இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறார். ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பார்க்கும்போது யார் எள்ளுகிறார், யார் எள்ளப்படுகிறார், எள்ளப்பட்டவருக்கும் சேர்ந்து சிரிக்க இடம் இருக்கிறதா என்று கேட்பது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான வழக்கம் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் காட்சியில் சொப்பனசுந்தரி திரையில் வருவதே இல்லை. அவள் வைத்திருந்த கார் இப்போது இவர்களிடம் இருக்கிறது. அவளை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்பதே சிரிப்பு. காரும் பெண்ணும் கைமாறும் பொருள்களாக அருகருகே வைக்கப்படுகிறார்கள். கவுண்டமணியின் எரிச்சலும் செந்திலின் அப்பாவித்தனமும் மிகுந்த தேர்ச்சியோடு வெளிப்பட்ட காட்சி என்பதில் எனக்கு ஐயமில்லை, நானும் சிரித்திருக்கிறேன். அந்தத் தேர்ச்சிதான் நாம் விழுங்குவது என்ன என்று யோசிக்க விடாமல் செய்கிறது.

'சிவாஜி' (2007) படத்தின் காட்சி எனக்குப் பொறுக்க முடியாதது. முகத்தில் கருமை பூசிய இரண்டு இளம்பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தி, அவர்களைக் கண்டு கதாநாயகனும் அவருடைய மாமாவும் அஞ்சி ஒதுங்குவதைச் சிரிப்பாக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்த பெயர்களோ பாரி மகளிரின் பெயர்கள். பறம்பு மலையை மூவேந்தரிடம் இழந்து, தந்தையையும் இழந்து நின்ற அந்தப் பெண்கள் பாடிய 'அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவின், எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்' என்னும் புறநானூற்றுப் பாடல் தமிழின் மிகச் சிறந்த இரங்கற் பாடல்களுள் ஒன்று. அவர்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் சொல்வது பிற்கால மரபு. புலவர்களாகிய அந்தப் பெண்களின் பெயர்களை, நிறத்துக்காக மறுக்கப்படும் இருவருக்கு வைத்தபோது, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பெயர்களைக் கேலிச்சொல்லாகவே முதன்முதலில் கேட்டார்கள். அதே படத்தில் கதாநாயகனின் கருமையும் வேடிக்கையாக்கப்படுகிறது. ஆனால் அவர் தன் நிறத்தைத் தானே கேலி செய்துகொண்டு, அதையும் ஸ்டைலாக்கி, கடைசியில் விரும்பிய பெண்ணை மணக்கிறார். பேராசிரியர் சொன்ன இரண்டாவது வகை அவருக்கு வாய்த்தது. அந்த இரு பெண்களும் எள்ளப்பட மட்டுமே அழைத்து வரப்பட்டார்கள்.

கறுப்பாகவோ பருமனாகவோ இருக்கும் ஒரு பள்ளி மாணவியை வகுப்பில் எந்தப் பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று உங்கள் தோழிகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது ஏதாவதொரு படத்திலிருந்து வந்த பெயராக இருக்கும். நீங்கள் சிறுவயதில் சிரித்ததற்காக வருந்த வேண்டியதில்லை. இப்போது இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அது எனக்கு நிறைவளிக்கிறது.

இல்லத்தரசி, திருச்சி: தொலைக்காட்சித் தொடர்களில் பெண்கள் அழுகிறார்கள் அல்லது சூழ்ச்சி செய்கிறார்கள். நகைச்சுவை நிகழ்ச்சியைப் போட்டால் ஆண்களே சேலை கட்டி வருகிறார்கள். வெளிநாடுகளிலும் இப்படித்தானா?

மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். நகை, அழுகை என்று எட்டு மெய்ப்பாடுகளில் அடுத்தடுத்து நிற்பவற்றுள் அழுகையைப் பெண்ணுக்கும் நகையை ஆணுக்குமாக நம் தொலைக்காட்சி பங்கிட்டுவிட்டது. நாள்தோறும் பல மணி நேரம் பெண்களை மையமாக வைத்தே கதை நடக்கிறது. அவர்களுள் ஒருத்திக்காவது வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் சாமர்த்தியம் இருப்பதாக எழுத்தாளர்கள் காட்டுவதில்லை. நகைச்சுவைப் போட்டிகளில் ஆண் பெண் வேடம் போடும்போது மேடையில் பெண்ணுக்குரிய இடமும் போய்விடுகிறது. அவளுடைய நடையும் மார்பும் குரலும் கேலிப்பொருளாகவும் ஆகிவிடுகின்றன. இந்தச் சூழலில் தொலைக்காட்சி நகைச்சுவைப் போட்டிகளில் அறந்தாங்கி நிஷா போன்றோர் மேடையேறி ஆண்களுக்கு நிகராக கவுண்ட்டர் (சட்டென்ற பதிலடி) கொடுத்துப் பெயர் பெற்றது பெரிய காரியம். ஆனாலும் அவர்களுடைய நிறமும் உடலும் சக போட்டியாளர்களின் எளிய இலக்காகவே இருந்தன; பல நேரங்களில் பிறர் சொல்வதற்கு முன் தாமே சொல்லிவிடும் நிலைக்கு அந்தப் பெண்கள் தள்ளப்பட்டார்கள்.

வெளிநாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரில் லூசில் பால், கணவரின் நிகழ்ச்சியில் எப்படியாவது மேடையேறத் துடிக்கும் இல்லத்தரசியாக நடித்தார். வாரந்தோறும் திட்டமிடுவார், வாரந்தோறும் தோற்பார், வாரந்தோறும் சமையலறைக்குத் திரும்புவார். கதையின் முடிவு பெண்ணை வீட்டுக்குள் வைப்பதுதான். ஆனால் அதற்கு முந்தைய இருபது நிமிடங்களும் அவருடைய ஆட்சி. அவர் உண்மையாகவே கருவுற்றிருந்தபோது அதைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். கர்ப்பம் என்ற சொல்லை வசனத்தில் உச்சரிக்க அந்தக் காலத் தொலைக்காட்சி இடம் தரவில்லை. தொடரை எழுதியவர்களுள் தொடக்கத்திலிருந்தே மேடலின் பியூ என்ற பெண் இருந்தார். லூசி செய்ய வேண்டிய சாகசங்களை ஒரு பெண்ணால் செய்ய முடியுமா என்று அவரே முதலில் செய்து பார்ப்பார். 1962இல் கணவரின் பங்கை வாங்கி, தொடரைத் தயாரித்த டெசிலு நிறுவனத்தின் தலைமையை லூசில் பால் ஏற்றார்.

நம்மிடமும் பெண்கள் தயாரிப்பாளர்களாக வந்தார்கள். ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரித்த 'சித்தி' 1999இல் தொடங்கி, தமிழ் வீடுகளின் இரவு நேரத்தையே மாற்றி அமைத்தது. அந்த உரிமையும் செல்வாக்கும் கண்ணீர்க் கதைகளுக்குப் பயன்பட்ட அளவில் சிறு பங்காவது நகைச்சுவைக்குப் பயன்பட்டிருந்தால், உங்கள் கேள்வி வேறாக இருந்திருக்கும். ராதிகாவே தேர்ந்த நகைச்சுவை நடிகை என்பதால் எனக்கு இந்த ஆதங்கம் கூடுதலாக இருக்கிறது.

வழக்கறிஞர், மதுரை: 'மகளிர் மட்டும்' (1994) படத்தை எழுதியவர், இயக்கியவர், தயாரித்தவர் எல்லாருமே ஆண்கள். அதைப் பெண்ணியப் படம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமல்ஹாசன் தயாரிப்பு. மூலம் ஓர் ஆங்கிலப் படத்தின் கரு. நீங்கள் சொல்வது சரியே. ஆனால் படத்தில் எள்ளப்படுபவர் யார் என்று பாருங்கள். ரேவதி, ஊர்வசி, ரோகிணி ஆகிய மூவரும் ஒரே நிறுவனத்தில் வெவ்வேறு படிகளில் வேலை செய்பவர்கள். படித்த அதிகாரி, தட்டச்சு செய்யும் நடுத்தர வர்க்கப் பெண், துப்புரவுத் தொழிலாளி என்ற மூன்று நிலைகளிலும் ஒரே மேலாளரின் தொல்லை அவர்களைத் தொடர்கிறது. நாசர் நடித்த அந்த மேலாளரின் வழிசலும், அகப்பட்டுக்கொள்ளும்போது அவர் முகம் போகும் போக்கும்தான் படம் முழுக்கச் சிரிப்புக்கு உரியவை. மூன்று பெண்களில் ஒருவருடைய தோற்றமோ சாதியோ பேச்சோ அவரை இழிவு செய்யப் பயன்படவில்லை. நாகேஷ் பிணமாக நடித்ததைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். அந்தப் பிணத்தை வைத்துக்கொண்டு திண்டாடும் மூவரின் நடிப்பும் அதே அளவுக்குப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

வழக்கறிஞரான உங்களுக்குக் கால வரிசை தெரியும். பணியிடப் பாலியல் தொல்லை தொடர்பான விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது 1997இல். அதற்கான சட்டம் வந்தது 2013இல். பாதிக்கப்பட்ட பெண் புகாரை எங்கே கொடுப்பது என்றுகூடத் தெரியாதிருந்த காலத்தில், அந்தத் தொல்லைக்கு ஒரு பெயரும் முகமும் கொடுத்து, அதைச் செய்பவர் சிரிக்கத் தக்கவர் என்று சொன்னது இந்தப் படம். ஆண்கள் எழுதியதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. அதே வேளையில், முப்பது ஆண்டுகளில் இதைப் போன்ற படங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்ற நிலை, நல்லெண்ணம் கொண்ட சில ஆண்களை மட்டுமே நம்பியிருப்பதன் விளைவு. பெண்கள் வசனமெழுதும் மேசைக்கு வர வேண்டும் என்று நான் விடாமல் வற்புறுத்துவது இதனால்தான்.

வாசகி, சேலம்: தனி காமெடி டிராக் இப்போது மறைந்து வருகிறது. இது பெண்களுக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டுக்கும் வழி இருக்கிறது. டிராக்கை நம்பி வாழ்ந்த துணை நடிகைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. அந்த இழப்பைச் சிறிதாக எண்ணக் கூடாது. மறுபுறம், நகைச்சுவை கதைக்குள் வந்ததால் கதாநாயகியும் அதில் பங்குபெற முடிகிறது. நெல்சனின் 'கோலமாவு கோகிலா' (2018) படத்தில் தாயின் மருத்துவச் செலவுக்காகப் போதைப்பொருள் கடத்தலில் இறங்கும் கோகிலாவாக நயன்தாரா நடித்தார். பயந்த விழியும் மெலிந்த குரலுமாக அவர் நிற்பதைப் பார்த்து, இவளால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு ஆணும் தப்புக்கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கு தவறும் இடங்களில் நாம் சிரிக்கிறோம். தாயாக வரும் சரண்யா பொன்வண்ணனும் தங்கையும் அந்த ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். யோகி பாபு விடாமல் பின்தொடர்வதை அப்படம் வேடிக்கையாக்கியது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முகத்தில் ஓர் அசைவும் காட்டாமல் சிரிக்க வைக்கும் பொறுப்பை முன்னணிக் கதாநாயகி ஒருவரிடம் முழுப் படத்துக்கும் ஒப்படைத்த துணிவு அதில் இருந்தது. இதே பொறுப்பு ஊர்வசியிடம் அவருடைய இருபதுகளிலேயே ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தின் திரிபுரசுந்தரியை மறுபடி பாருங்கள். அவரை மையமாக வைத்து ஒரு முழுநீள நகைச்சுவைப் படத்தை யாரும் அன்றே எழுதாமல் போனது ஏன் என்று கேட்கத் தோன்றும்.